வெயிலுக்கு ஓய்வு நாள் இல்லை

தோட்டங்களில் உழைக்கும் நம் மக்கள் கை கால்களை நீண்ட உடையால் மூடிக்கொள்கின்றனர். முகம் மட்டும் எல்லா நாள்களிலும் திறந்தே இருக்கிறது. அதற்குச் ‘சன்ஸ்கிரீன்’ எனப்படும் வெயில் காப்புக் களிம்பை ஆண்டு முழுவதும் பூச வேண்டுமா? வேண்டும் என்கிறோம். காரணத்தை நம் நிழலே காட்டும்.

டிசம்பர் மாத நண்பகலில் இலண்டனில் ஒருவரின் நிழல் அவர் உயரத்தைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல் நீளும். சூரியன் அவ்வளவு தாழ்ந்து செல்வதால் புற ஊதாக் கதிர்கள் அங்கே வலுவிழக்கின்றன. கோப்பெங்கிலோ அதே டிசம்பரில் நண்பகல் நிழல் உயரத்தில் ஏறக்குறையப் பாதியே. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கே வருகிறது. மழைக்காலமும் முழுக் காப்பன்று. மெல்லிய மேகத்தின் ஊடே இக்கதிர்களில் 80 விழுக்காடு வரை இறங்கும்.

நண்பகல் என்பது கடிகாரத்தின் 12 மணியுமன்று. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. ஆகவே கோப்பெங்கில் சூரியன் உச்சியை அடைவது பிற்பகல் 1.15 மணி அளவில்தான். இருளில் மரம் வெட்டத் தொடங்குபவருக்கு வெயில் இல்லை. பாலை நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்போதே வெயில் கடுமையாகிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கையில் காட்டுக்குள்ளும் நிழல் குறைந்துவிடுகிறது.

நம் கருநிறம் ஓரளவு காப்பளிப்பது உண்மை. தோல் புற்றுநோய் நம்மவரிடையே குறைவு. எனினும் கன்னத்தில் படரும் மங்கு வெயிலால் அடர்கிறது. சுருக்கங்களும் முந்தி வருகின்றன. கண்புரைக்கும் இக்கதிர்கள் ஒரு காரணம்.

ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. நாள்தோறும் களிம்பு பூசியவர்களின் தோல், விரும்பியபோது மட்டும் பூசியவர்களின் தோலைவிட 24 விழுக்காடு குறைவாகவே முதுமை காட்டியது. அவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். அந்த எண்ணிக்கை நமக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் பயன் தருவது நாள் தவறாத வழக்கமே என்பது அதனால் விளங்கும்.

காப்பு எண் 30 அல்லது அதற்கு மேற்பட்ட களிம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்திற்கு எடுத்து, முகம், காது, கழுத்து ஆகியவற்றில் வெயிலில் இறங்குவதற்குக் கால் மணி முன்னர்ப் பூசுதல் நன்று. வியர்வையில் கரைவதால் இரண்டு மணிக்கு ஒருமுறை முகத்தைத் துடைத்து மீண்டும் பூச வேண்டும். சந்தனமும் பெடாக் செஜுக்கும் குளிர்ச்சி தரும். அவற்றை இதற்கு ஈடாகக் கொள்ளலாகாது. முகத்தை வெளுப்பாக்கும் களிம்பு வேறு. அவற்றுட் சிலவற்றில் பாதரசம் கலந்திருந்தது கண்டறியப்பட்டுள்ளது.

களிம்புக்குப் பணம் செலவாகும். வாங்க இயலாத மாதத்தில் அகன்ற விளிம்புத் தொப்பியையும் முகத்தை மறைக்கும் துணியையும் கைவிடாதீர்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் முகத்திற்குக் காப்பு வேண்டிய நேரமே.