நெல் அறுவடை இயந்திரத்தில் அடைப்பு

நெல் அறுவடை இயந்திரத்தில் அடைப்பு என்பது, அறுத்த பயிர் இயந்திரத்துக்குள் நகராமல் ஓரிடத்தில் சேர்ந்து இறுகி, கதிரடிப்பை நிறுத்திவிடும் கோளாறு ஆகும். ஈரப் பயிரை அறுக்கும்போதும், பல பருவங்கள் ஓடித் தேய்ந்த பழைய இயந்திரங்களிலும் இது அதிகமாக ஏற்படுகிறது. தமிழ்நாட்டில் இயந்திர வாடகை பெரும்பாலும் மணிக்கணக்கில் பேசப்படுவதால், அடைப்பெடுக்கும் நேரம் உழவருக்கும் உரிமையாளருக்கும் இழப்பாகிறது. அவசரத்தில், ஓடும் இயந்திரத்துக்குள் கைவிடுவோர் விரல்களையோ கையையோ இழக்க நேரிடும்.

பழனி வட்டாரத்தில் பயன்பாடு

பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில், கொடைக்கானலை அடுத்த பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களில் படிக்கட்டு நிலங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் முதலியவை பயிராகின்றன. குறுகிய அந்த நிலங்கள் அறுவடை இயந்திரத்துக்கு ஏற்றவை அல்ல. மலையின் வட அடிவாரம் இதற்கு மாறானது. மலையிலிருந்து இறங்கும் ஆறுகளின் நீர் பாலாறு–பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகளில் தேங்கி, பழனியைச் சுற்றியுள்ள வயல்களுக்குப் பாய்கிறது. இயந்திர அறுவடை நடப்பது இந்தச் சமவெளி வயல்களில்தான்.

இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதல் தானியங்கி அறுவடை இயந்திரமான சுவராஜ் 8100, 1980-இல் வந்தது. இன்று தமிழ்நாட்டில் இரு வகைகள் ஓடுகின்றன. காய்ந்த வயலுக்கு 'டயர் வண்டி', சேற்று வயலுக்கு ரப்பர் பட்டையில் ஊரும் 'பெல்ட் வண்டி'. சேற்றில் இறங்கும் வண்டி ஈரப் பயிரையே அதிகம் அறுப்பதால், அதில் அடைப்புக்கான வாய்ப்பும் கூடுகிறது.

பயிர் செல்லும் பாதை

அடைப்பைப் புரிந்துகொள்ள, பயிர் செல்லும் வழியை வரிசையாக அறிய வேண்டும்.

1. முன்புறம் சுழலும் ரீல் பயிரைச் சாய்த்துக்கொடுக்க, கத்திப் பட்டை அறுக்கிறது.
2. திருகு உருளை, அறுத்த பயிரை நடுப்பகுதிக்குத் தள்ளுகிறது.
3. சங்கிலியும் குறுக்குப் பட்டைகளும் கொண்ட ஊட்டுப்பாதை, பயிரை மேலே இழுத்துச் செல்கிறது.
4. டிரம் எனப்படும் கதிரடி உருளை, தன்கீழ் வளைந்திருக்கும் கம்பிச் சல்லடையோடு தேய்த்து நெல்லை உதிர்க்கிறது. இச்சல்லடையைக் கான்கேவ் என்பர்.
5. வைக்கோல் பின்புறம் வெளியேறுகிறது. நெல், காற்றாடியாலும் ஆடும் சல்லடைகளாலும் தூற்றப்பட்டு, எலிவேட்டர் வழியே தொட்டிக்கு ஏறுகிறது.

இது ஒரே வரிசையான ஓட்டம். பின்னால் ஓரிடம் மெதுவானால், அதற்கு முன்னுள்ள இடங்களில் பயிர் குவியும். ஆகவே, அடைப்பு கண்ணுக்குத் தெரியும் இடமும் அதன் காரணம் இருக்கும் இடமும் வேறுவேறாக இருக்கலாம். ஊட்டுப்பாதை அடைத்திருந்தால், டிரம்மை ஓட்டும் பெல்ட் வழுக்குகிறதா என்றும் பார்ப்பது அவசியம்.

காரணங்கள்

ஈரத் தாள்: காய்ந்த தாள் முறிந்து நகரும், ஈரத் தாள் முறியாமல் கயிறுபோல் உருளையைச் சுற்றிக்கொள்ளும். நெல்மணியின் ஈரப்பதத்தைக் கருவியால் அளந்தாலும், அது தாளின் ஈரத்தைக் காட்டாது. மணி முற்றிய பின்னும் தாள் பச்சையாக இருக்கலாம். மார்கழி, தை மாதங்களில் காலைப் பனி காயுமுன் அறுப்பதாலும் இச்சிக்கல் எழுகிறது.

வேகக் குழப்பம்: பயிர் அடர்ந்த இடத்தில் ஆக்சிலேட்டரைக் குறைப்பது வழக்கமான தவறு. டிரம், சல்லடை, காற்றாடி அனைத்தும் ஒரே எஞ்சினில் ஓடுவதால், எஞ்சின் வேகம் குறைந்தால் அவை எல்லாமே தளரும். எஞ்சினை முழு வேகத்தில் வைத்து, வண்டி நகரும் வேகத்தை மட்டும் குறைக்க வேண்டும். பழைய கியர் வண்டியில் தாழ்ந்த கியருக்கு மாறலாம். அல்லது முழு அகலத்துக்குப் பதில் பாதி அகலம் அறுக்கலாம்.

தேய்மானம்: மழுங்கிய கத்தி பயிரை அறுக்காமல் பிடுங்கி, வேரையும் மண்ணையும் உள்ளே அனுப்பும். தொய்ந்த ஊட்டுச் சங்கிலி பயிரை இழுக்காது. பளபளப்பாகத் தேய்ந்த பெல்ட், பாரம் ஏறியதும் வழுக்கும். கருகிய ரப்பர் நாற்றம் இதன் அடையாளம்.

சாய்ந்த பயிரும் தாழ்ந்த வெட்டும்: மழையில் சாய்ந்த பயிரை, அது சாய்ந்த திசைக்கு எதிராக அறுத்தால் சீராக உள்ளே செல்லும். வெட்டும் உயரத்தைக் கூட்டினால் உள்ளே போகும் தாள் குறையும். ஆனால் மாடு வைத்திருப்போருக்கு நீண்ட வைக்கோல் வேண்டும். எனவே வெட்டு உயரத்தை உழவரும் ஓட்டுநரும் முன்பே பேசி முடிவுசெய்வது நல்லது.

நிரம்பிய தொட்டி: நெல் தொட்டி நிரம்பிய பிறகும் ஓட்டினால், எலிவேட்டரில் நெல் திரும்பி நின்று அடைத்துக்கொள்ளும்.

அடைப்பை நீக்கும் முறை

டிரம்மின் ஓசை கம்மினால், அது முதல் எச்சரிக்கை. உடனே வண்டியை நிறுத்தி, வெட்டும் பகுதியின் இயக்கத்தைத் துண்டித்து, எஞ்சினை முழு வேகத்தில் விட்டால், உள்ளே உள்ளதை டிரம் பெரும்பாலும் தானே விழுங்கிவிடும். டிரம் நின்றுவிட்டால் கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்ற வேண்டும்.

1. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, அடைப்பெடுப்பவர் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.
2. எல்லாப் பகுதிகளும் சுழன்று ஓயும்வரை காத்திருக்க வேண்டும். எஞ்சின் அணைந்த பின்னும் டிரம் சில நேரம் சுற்றும்.
3. முன்பகுதியைத் தூக்கியிருந்தால் அதற்குரிய தாங்கியைப் பூட்ட வேண்டும். ஹைட்ராலிக் அழுத்தத்தை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது.
4. கான்கேவ் இடைவெளியை முடிந்த மட்டும் அகலப்படுத்தி, பக்கவாட்டு மூடிகளைத் திறக்க வேண்டும்.
5. கொக்கிக் கம்பியால் வைக்கோலைச் சிறிது சிறிதாக இழுத்து, சுற்றிக்கொண்டதை அரிவாளால் அறுத்தெடுக்க வேண்டும். டிரம்மைக் கையால் திருப்பும்போது வேறொருவர் கை உள்ளே இருக்கலாகாது.
6. மூடிகளைப் பொருத்தி, அருகில் ஆளில்லை என்று உறுதிசெய்து, குறைந்த வேகத்தில் இயக்கிப் பார்க்க வேண்டும். பிறகு கான்கேவைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அடைப்பு மீண்டும் உடனே வந்தால் அறுவடையைத் தொடராமல், பெல்ட் இறுக்கம், சங்கிலித் தொய்வு, கத்திக் கூர்மை ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

சோயா அறுவடையுடன் ஒப்பீடு

மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் பெரிதும் விளையும் சோயா, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடையாகிறது. காய் முற்றியும் தண்டு பச்சையாக நிற்பது அங்கும் அடைப்புக்குக் காரணம். ஆனால் தீர்வு முழுதும் ஒன்றல்ல. சோயாக் காய்கள் தண்டின் அடியிலும் இருப்பதால் உயர்த்தி வெட்ட முடியாது. தாழ்த்தினால் மண்ணும் கல்லும் ஏறும். டிரம்மை வேகமாகச் சுற்றினால் பருப்பு உடையும். இதனால் நெல்லுக்கு வைத்த அளவுகளோடு சோயாவை அறுப்பதில்லை. பயிர் மாறும்போதெல்லாம் டிரம் வேகம், கான்கேவ் இடைவெளி, காற்றாடி வேகம் ஆகிய மூன்றையும் இயந்திரக் கையேட்டின்படி மாற்றியமைப்பர்.

காத்திருப்பதன் எல்லை

அடைப்பைத் தவிர்க்கச் சிறந்த வழி தாள் காயும்வரை காத்திருப்பதே. ஆயினும் வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது அறுவடையைத் தள்ளிப்போடுவது பயிரையே இழக்கச் செய்யலாம். மேலும் அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பத வரம்பு வழக்கமாக 17 விழுக்காடு. இயந்திரத்தில் அறுக்க உகந்த நெல்லில் ஈரம் இதைவிடக் கூடுதலாக இருப்பதால், அறுத்த நெல்லைக் களத்தில் உலர்த்தியே விற்க வேண்டியுள்ளது. மழைக்காலத்தில் நாள்களைத் தள்ளிப்போட முடியாவிட்டாலும், நாளின் நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்: பனி காய்ந்த பின் தொடங்கி, மாலை ஈரம் இறங்குமுன் முடிப்பது பழைய இயந்திரங்களுக்கு ஏற்ற வழக்கமாகும்.