எந்தச் சிலிக்கோன் ரப்பர் வாங்குவது?

கம்பைநல்லூர்க்காரர்கள் ரயில் ஏற வேண்டுமானால் மொரப்பூர் போக வேண்டும். அங்கே தலைக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். அந்தக் கம்பியிலிருந்து மின்சாரம் கம்பத்துக்கு இறங்காமல் காக்கும் வேலையை நெடுங்காலம் பீங்கான்தான் செய்தது. இப்போது நாட்டின் பல தடங்களில் கண்ணாடியிழைத் தண்டின் மேல் வார்த்த சிலிக்கோன் ரப்பர் அந்த வேலைக்கு வந்துவிட்டது. மழைநீர் பீங்கானில் படலமாகப் பரவும். சிலிக்கோனில் சேம்பிலைத் தண்ணீர்போல் உருண்டோடும். தூசி படிந்தாலும் கவலையில்லை. ரப்பருக்குள்ளிருந்து எண்ணெய்போன்ற நுண்கூறுகள் கசிந்து, அந்தத் தூசியிலும் நீர் ஒட்டாதபடி செய்துவிடும்.

பால்புட்டி நிப்பிளும் இதே குடும்பம்தான், குளியலறை ஓரத்தில் பூசும் பசையும் இதே குடும்பம்தான். பெரிய வேறுபாடு இறுகவைக்கும் முறையில் இருக்கிறது. ஆகவே பட்டறை தொடங்குகிறவர் “எது உசத்தி?” என்று கேட்பதைவிட, தன்னிடம் என்ன இயந்திரம் இருக்கிறது, மாதம் எத்தனை உருப்படி வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுவது நல்லது.

கெட்டி வகை (எச்.டி.வி.) பிசைந்த மாவுபோலப் பாளமாக வரும். இரட்டை உருளை மில்லில் பெராக்சைடு சேர்த்துப் பிசைந்து, அச்சில் வைத்து, சுமார் 170 டிகிரி சூட்டில் அழுத்தினால் சில நிமிடங்களில் வெந்துவிடும். பிறகு 200 டிகிரி அடுப்பில் சுமார் 4 மணி நேரம் வைப்பார்கள், பெராக்சைடின் எச்சம் வெளியேற. இந்தப் படியைத் தவிர்த்த கேஸ்கெட்டை மூக்கே காட்டிக்கொடுக்கும். சாதாரண பிரஸ் போதும் என்பதால் சிறிய பட்டறைக்கு இதுவே தோது.

திரவ வகை (எல்.எஸ்.ஆர்.) இரண்டு சம பாகங்களாக வரும். பிளாட்டினம் வினையூக்கியால் சூடான அச்சில் சில நொடிகளில் இறுகும். லட்சக்கணக்கில் நிப்பிள் செய்ய ஏற்றது. ஆனால் ஊசிவார்ப்பு இயந்திரத்துக்கும் அச்சுக்கும் நிறையச் செலவாகும்.

அறைச்சூட்டிலேயே இறுகும் ஆர்.டி.வி.யில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். கடையில் டியூபில் விற்கும் ‘சிலிக்கான் கம்’ காற்றின் ஈரத்தால் மேலிருந்து உள்ளே இறுகுகிறது, நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே. அதை அச்சில் தடிமனாக ஊற்றினால் உள்ளே வெகுநாள் கூழாகவே கிடக்கும். வினிகர் வாடை வந்தால் அது அசிட்டிக் அமிலம்; செம்பை அரிக்கும், மின்பலகையில் பூசக் கூடாது.

சோப்பு, மெழுகுவர்த்தி அச்சுகளுக்கு இருபாக ஆர்.டி.வி. வேண்டும். வெள்ளீய வினையூக்கி கொண்டது மலிவு. ஆனால் கொஞ்சம் சுருங்கும், சில ஆண்டுகளில் நொய்ந்துபோகும். பிளாட்டினம் வகை அளவு மாறாது. ஆனால் அதற்குக் கந்தகம் ஆகாது: கந்தகம் கலந்த சிற்பக் களிமண்ணோ லேடெக்ஸ் கையுறையோ பட்ட இடம் பிசுபிசுவென்றே நிற்கும். முதலில் ஒரு கரண்டி அளவு கலந்து, மாதிரி உருவின் ஓரத்தில் தடவிப் பார்த்துவிட்டு ஊற்றலாம்.

குளிரில் கழித்தல் 50 டிகிரியும் வெப்பத்தில் 200 டிகிரியும் தாங்கும் இந்த ரப்பர், பெட்ரோலில் ஊறினால் உப்பிவிடும். அந்த இடத்துக்கு ஃபுளோரோசிலிக்கோன் இருக்கிறது, விலை அதிகம். டீசல் பம்புசெட்டின் எண்ணெய் படும் வளையத்துக்கு அவ்வளவு போக வேண்டியதில்லை. பல குக்கர் மூடிகளில் கிடக்கும் கறுப்பு கேஸ்கெட்டின் இனமான நைட்ரைல் ரப்பரே பெரும்பாலும் போதும்.