மணிக்கட்டில் ஏறும் கணக்கு

திருவண்ணாமலையில் கிரிப் பிரதக்ஷிணம் செய்யும் பாதை 14 கிலோமீட்டர் நீளமுள்ளது. இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் ஈறாக எட்டுச் சந்நிதிகளையும் தரிசித்துக்கொண்டு, பௌர்ணமி இரவெல்லாம் வெறுங்காலோடு நடக்கும் ஜனங்களின் மணிக்கட்டை உற்று நோக்குவோர்க்கு, காப்புக் கயிற்றின் பக்கத்திலே, முப்பது கிராம் எடைகூட இல்லாத கறுப்பு ரப்பர்ப் பட்டை ஒன்று இக்காலத்தில் அடிக்கடி தென்படும். ஃபிட்னஸ் பேண்ட் என்று கடைக்காரரும் வாங்குவோரும் சொல்லும் இச்சிறு உபகரணம் நடை, நாடி, உறக்கம் மூன்றையும் கணக்கெடுப்பதாகச் சொல்லி விற்கப்படுகிறது. நடக்கச் சோம்பியவரை நடக்க வைக்கும் அளவில் அதனால் நன்மையே உண்டு. எனினும், அது எதை அறியும், அறிந்ததை எவரிடம் சொல்லும் என்று விசாரியாமலே அதைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது; அது மாறவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

பட்டைக்குள் இருக்கும் முடுக்கமானி கையின் அசைவை உணர்ந்து, அந்த அசைவின் லயத்திலிருந்து இத்தனை அடி என்று அனுமானிக்கிறது. ஜிபிஎஸ் உதவியில்லாத பட்டையானால், செயலியில் நீங்கள் பதிந்த உயரத்தைக் கொண்டு ஓர் அடியின் நீளத்தை உத்தேசித்து, அதை எண்ணிக்கையால் பெருக்கித் தூரம் என்று காட்டுகிறது. ஓர் அடி 70 சென்டிமீட்டர் என்று கொண்டால் ஒரு சுற்றுக்கு 20,000 அடிகள் ஆகும். தீபத் திருநாள் நெரிசலில் முன்னால் போகிறவரின் குதிகாலை மிதித்துவிடாமல் அங்குலம் அங்குலமாய் நகரும்போது அடிகள் பெருகும், அவற்றோடு தூரமும் பொய்யாய்ப் பெருகும். குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்க்கும், கூப்பிய கையோடு நடப்பவருக்கும், கை வீசாத காரணத்தால் எண்ணிக்கை குறைந்துபோகும். கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் சுற்றி வந்து, பட்டை காட்டும் தூரத்தை 14 கிலோமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் பிழை எவ்வளவு என்பது பிரத்தியட்சமாய்த் தெரிந்துவிடும். இந்தச் சௌகரியம் நம்மூர்க்காரருக்குச் செலவில்லாமல் கிடைத்திருக்கிறது.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்று பட்டை விதிக்கும் இலக்கும் வைத்தியர் எவரும் எழுதிக்கொடுத்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து 1965-இல் ஜப்பானிய யமாசா நிறுவனம் விற்ற அடிமானி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. ஹார்வர்டு ஆய்வாளர் ஐ-மின் லீயும் அவர் குழுவினரும் வயது முதிர்ந்த பெண்களிடையே நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடத்திலேயே மரண அபாயம் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் நன்மை கூடவில்லை. எண் நிறையவில்லையே என்று முழங்கால் வலியோடு வாசலில் இரவு உலாவும் பெரியவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

நாடியின் கணக்கும் இத்தகையதே. தோலின்மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்த ஓட்டத்துக்கேற்ப அது திரும்பும் அளவைக் கொண்டு துடிப்பைக் கணிக்கும் இம்முறை, ஓய்வாக அமர்ந்திருக்கையில் பெரும்பாலும் சரியாகவும், கை அசையும்போது தவறாகவும் இருக்கக்கூடும். ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்களே கருத்த சருமத்தில் பிழைபடலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021-இல் எச்சரித்தது. அதே தத்துவத்தில் இயங்கும் பட்டையின் சொல்லை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதை யோசித்துக்கொள்ளலாம். ஊசி குத்தாமலே சர்க்கரையைக் கண்டு சொல்வதாக விற்கும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் அறவே உபயோகிக்க வேண்டாம் என்று 2024 பிப்ரவரியில் அதே நிர்வாகம் அறிவித்தது. அத்தகைய எண்ணை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டிக் குறைப்பது பிராணாபத்து. பல காலமாய்ச் சர்க்கரை நோயுள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மரத்திருக்கக்கூடும். அப்படி மரத்திருந்தால், சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து பாதம் கொப்புளித்தாலும் அவருக்கும் தெரியாது, அவர் கையிலுள்ள பட்டைக்கும் தெரியாது. நடந்து முடித்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதும், பார்க்க முடியாதவருக்கு வீட்டிலுள்ளோர் பார்த்துச் சொல்வதும் எந்தக் கருவியையும்விட மேலான பாதுகாப்பு. நடக்கையில் நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ, பட்டையில் நாடி சீராகத்தான் இருக்கிறது என்று தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இத்தகைய கருவிகள் சரீரத்துக்கு நேரே தீங்கு செய்ததும் உண்டு. ஃபிட்பிட் நிறுவனத்தின் ஃபோர்ஸ் என்னும் பட்டை, அணிந்தவர்களின் தோலில் அரிப்பும் புண்ணும் உண்டாக்கியதால் 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. அதே நிறுவனத்தின் ஐயானிக் கடிகாரம், மின்கலம் சூடேறி அமெரிக்காவில் மட்டும் 78 தீக்காயப் புகார்கள் எழுந்தபின் 2022 மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டது. ஆகையால் வியர்வையும் விபூதியும் சந்தனமும் படிந்த பட்டையைக் கழற்றிக் கழுவி, மணிக்கட்டையும் உலரவிட்ட பிறகே மீண்டும் கட்டவேண்டும். ஈரத்தோடு சார்ஜ் போடலாகாது. வாங்கும்போது பெட்டியில் இறக்குமதி செய்தவரின் முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த நாடு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பதிவெண் மெய்யானதுதானா என்பதைப் பிஐஎஸ் கேர் என்னும் செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி, கண்ணுக்குத் தெரியாத அபாயத்துக்கு வருவோம். பட்டை எண்ணியவை உங்கள் கைபேசிக்குச் சென்று, அங்கிருந்து எங்கோ உள்ள நிறுவனத்தின் கணினியில் சேர்கின்றன. ஸ்ட்ராவா என்னும் செயலி உலகெங்கும் ஓடியோர், நடந்தோர் தடங்களைச் சேர்த்து 2017-இல் ஒரு வரைபடம் வெளியிட, ஆப்கானிஸ்தானத்திலும் சிரியாவிலும் இருந்த ராணுவ முகாம்களின் உட்பாதைகள்கூட அதில் ஒளிர்ந்ததை 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் கண்டு சொன்னார். ராணுவத்துக்கு நேர்ந்தது நமக்கு நேராது என்று எண்ண வேண்டாம். வேலூரிலோ விழுப்புரத்திலோ இருந்து வரும் குடும்பம் தன் கிரிவலத் தடத்தை எல்லோரும் காணும்படி பகிர்ந்தால், அன்றிரவு வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதும் அதனோடு அறிவிக்கப்படுகிறது. விடியுமுன் தனியே நடக்கும் பெண்ணின் அன்றாடத் தடம், அவள் எந்தத் தெருவிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறாள் என்பதைக் காட்டிவிடும். செயலியின் அமைப்பில் தடத்தை ‘நான் மட்டும்’ என்று மாற்ற ஒரு நிமிஷம் போதும். அடி எண்ணுவதற்குத் தேவையற்ற தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள் ஆகியவற்றின் அனுமதியைத் தாராளமாய் மறுக்கலாம்.

கூகுள் நிறுவனம் ஃபிட்பிட்டை வாங்கியபோது, பயனாளரின் ஆரோக்கிய விவரங்களைப் பத்தாண்டுகளுக்கு விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் 2020 டிசம்பரில் நிபந்தனை விதித்தது. ஐரோப்பியருக்குக் கிடைத்த அந்தக் காவல் நமக்கு அந்த நிபந்தனையால் கிடைக்கவில்லை.

தானே விரும்பி அணிபவரின் நிலை இதுவென்றால், பிறர் கட்டச் சொல்லிக் கட்டுகிறவரின் நிலை மிகவும் பரிதாபமானது. சண்டிகரிலும் நாக்பூரிலும் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களுக்கு இருப்பிடம் காட்டும் கைக்கடிகாரங்கள் கட்டப்பட்டன. சண்டிகரில் பணியாளர்கள் அதை எதிர்த்துப் போராடினர். இயற்கை உபாதைக்கு ஒதுங்கினாலும், ஒரு வாய் தேநீருக்கு மரநிழலில் உட்கார்ந்தாலும் கணக்கில் ஏறிக் கூலி குறைந்துவிடுமோ என்ற அச்சத்தோடு தெருவைக் கூட்டுவது மனுஷ கௌரவத்துக்கு இழுக்கு. பௌர்ணமி முடிந்த மறுநாள் காலையில் கிரிவலப் பாதையைச் சுத்தம் செய்யும் கைகளில் அத்தகைய விலங்கு ஏறக்கூடாது என்பதில் நமக்குச் சந்தேகமே இருக்கலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கிய ஷரத்துகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்டுள்ளன. அவை நடைமுறைக்கு வந்தபின், என்ன விவரத்தை எதற்காகச் சேகரிக்கிறோம் என்ற அறிவிப்பைத் தமிழிலும் படிக்க நிறுவனங்கள் வழி செய்தாக வேண்டும். சம்மதத்தைக் கொடுத்த அளவு சுலபமாகவே திரும்பப் பெறலாம். சேர்ந்ததைக் காட்டவும் திருத்தவும் அழிக்கவும் கோரலாம். பதினெட்டு வயது நிரம்பாதவரின் விவரத்தைச் சேகரிக்கப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். இவை அச்சட்டத்தின் நற்பகுதிகள். பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆனால் அந்த அபராதம் அரசின் கஜானாவுக்குப் போகும். விவரம் களவுபோனவருக்கு ஒரு காசும் வராது. நஷ்டஈடு கோர இடமளிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்கிவிடுகிறது. உடல்நல விவரத்தை நுண்ணிய தனிவகையாய் மதித்த 2011-ஆம் வருஷ விதிகளின் பாகுபாடும் புதிய சட்டத்தில் இல்லை. வேலை சம்பந்தமான காரியங்களுக்கு முதலாளி சம்மதமின்றியே விவரத்தைக் கையாள வழியும் விடப்பட்டிருக்கிறது. இவை யாவும் திருத்தப்பட வேண்டிய குறைகள் என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். பழைய பிரிவு உயிரோடிருக்கும் காலம் வரை, நஷ்டமடைந்தவர், தீர்ப்பு அதிகாரியாகப் பொறுப்பு வகிக்கும் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்முன் மனுச் செய்யலாம்.

பொருளே பழுதென்றால் வழி இன்னும் நேரானது. பில், வாரண்டி அட்டை, பெட்டி, விளம்பரத்தின் படம், தோலில் புண் வந்திருந்தால் அதன் புகைப்படமும் வைத்தியரின் சீட்டும் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இணையத்தில் விற்கும் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றுக்கொண்டதாய்த் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லவேண்டும் என்பது 2020-ஆம் வருஷ விதி. பதில் வராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் பயனில்லையேல், திருவண்ணாமலையிலேயே உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். விற்றவர் பெங்களூரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் வருஷச் சட்டம் அனுமதிக்கிறது. 5 லட்ச ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலே வாதிடலாம். இரண்டு வருஷத்துக்குள் தொடுக்க வேண்டும். பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள்; அதற்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

பட்டையைப் பிறருக்குக் கொடுக்குமுன் கணக்கை நீக்கி, அதில் சேர்ந்திருப்பதை அழித்துவிட்டுக் கொடுங்கள். இப்போது அதை அணிந்திருப்பவர்கள், ‘என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் விவரங்களையும் அவற்றை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தமிழில் தெரிவியுங்கள்’ என்று செயலியில் காணும் குறைதீர்ப்பு முகவரிக்கு இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள்.