அஞ்சறைப்பெட்டிக்குள் ஒரு குதிரை

வகுப்பு பத்து மணிக்கு. நான் ஒன்பதுக்கே போய் நின்றுவிட்டேன். திரை விலகும் முன்னே மேடையைப் பார்த்துவிடும் ஆசை, வேறென்ன!

மாம்பலத்தில் ஒரு மாடி வீடு. ஞாயிறுதோறும் பன்னிரண்டு வாண்டுகளுக்குச் சதுரங்கம், அறிவியல், தத்துவம் மூன்றும் ஒரே பாயில். டீச்சர் சமையலறையில் இருந்தார். காபி போடுகிறாராக்கும் என்று எட்டிப்பார்த்தால், சதுரங்கப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு வெள்ளைக் குதிரையை அஞ்சறைப்பெட்டியில் வெந்தயத்துக்குள் புதைத்துக்கொண்டிருக்கிறார்!

"உஷ்... பசங்ககிட்ட மூச்சு விடாதீங்க."

பத்து மணி. வாசலில் செருப்புக் குவியல். ஐந்தே நிமிடத்தில் கூச்சல்: "டீச்சர், குதிரையைக் காணோம்!"

"அடடா, இப்ப எப்படி விளையாடுவீங்க?" அந்த முகத்தில்தான் என்ன அப்பாவித்தனம்!

ஒருவன் சட்டைப் பொத்தானை வைத்தான். "பொத்தான் எப்படிடா குதிரையாகும்?" என்று இன்னொருவன் மல்லுக்கட்டினான். பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டிருந்த ஒன்பது வயதுக்காரி நிமிர்ந்தாள். "ரெண்டு கட்டம் நேரா போய் ஒரு கட்டம் திரும்பினா அது குதிரைதான். மூஞ்சி எதுக்கு?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. மொழியியல் அறிஞர் சசூர் காட்டிய உதாரணமே இந்தக் குதிரைதான்! தொலைந்த காய்க்குப் பதிலாக எதை வைத்தாலும், அதே மதிப்பைக் கொடுத்துவிட்டால் அதுவும் குதிரையே என்றார். அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து, 1916-ல், மாணவர்களின் குறிப்புகளைக் கொண்டு தொகுத்த புத்தகத்தில் இருக்கிறது. இவளுக்கு ஒரு பொத்தான் போதுமாக இருந்தது.

டீச்சரின் அலமாரியில் மேத்யூ லிப்மன் எழுதிய புத்தகம். 1974-ல் அமெரிக்காவின் மாண்ட்கிளேரில், சிறுவர் தத்துவத்துக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கியவர். அவர் எழுதிய கதையின் நாயகன் ஹாரி ஸ்டாட்டில்மையர். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், அரிஸ்டாட்டில் எட்டிப்பார்ப்பார்!

அடுத்தது மெழுகுவர்த்தி. தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீர், நடுவில் சுடர், மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைந்தது, தண்ணீர் சர்ரென்று உள்ளே ஏறியது. "ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துது. புக்ல இருக்கு" என்றான் ஒருவன்.

"அப்போ எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமா ஏறணும்ல? அணைஞ்சப்புறம்தானே ஏறுது!" இது பொத்தான்காரன்.

டீச்சர் பதில் பேசவில்லை. மூன்று மெழுகுவர்த்தி ஏற்றி அதே டம்ளரைக் கவிழ்த்தார். தண்ணீர் இன்னும் உயரம் ஏறியது. டம்ளருக்குள் ஆக்சிஜன் ஒன்றும் கூடிவிடவில்லையே! சூட்டில் விரிந்த காற்று, ஆறியதும் சுருங்கியது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு இருபது நிமிடம் ஆனது. அதுவரை டீச்சரின் உதடு பூட்டிக் கிடந்தது. "விடை நாக்கு நுனியில துடிக்கும். அதை அடக்கத்தான் எனக்குப் பல வருஷம் பிடிச்சுது" என்றார், பிறகு.

குதிரை இன்னும் வெந்தயத்துக்குள்தான் இருக்கிறது. அடுத்த வாரம் யானை தொலையப் போகிறதாம். உங்கள் வீட்டு வாண்டு அங்கே போகிறதென்றால், தயவுசெய்து போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.