பழைய வீட்டை இடிப்பதற்கு முன்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதி, ஒரு தலைமுறைக்கு முன்வரை ஏரிப் பாசனத்தையும் கைத்தொழில்களையும் நம்பி வாழ்ந்த பகுதியாகும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கூட்டு ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைச் சார்ந்து வேறு பல தொழிற்சாலைகளும் பெருகின. நிலத்தின் விலை ஏறிற்று. பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. அதன் பயனாகக் கிராமங்களில் மாடி வீடுகள் எழும்புகின்றன. இது மகிழத்தக்கதே.

ஆயினும், திண்ணையும் மரத்தூணும் நாட்டு ஓடும் கொண்ட வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைகின்றன. இடிப்பு வேலையை ஒப்பந்தம் எடுப்போர், தூண், கதவு, நிலை, உத்திரம் அனைத்துக்கும் சேர்த்து ஒரு தொகை பேசி, இரண்டொரு நாளில் வண்டியேற்றிச் சென்று விடுகின்றனர். கொடுத்தது எவ்வளவு, பெற்றது எவ்வளவு என்று உடையவர் கணக்கிடுவதில்லை. கணக்குப் பார்ப்பதே நமது உத்தியோகமாதலின், இந்தக் கணக்கையும் சற்றுப் பார்ப்போம்.

நார்வே நாட்டு உழவர்கள் செய்தது

இதே நிலையை நூறாண்டுகளுக்கு முன்பே கண்டவர்கள் நார்வே நாட்டு மலைப் பள்ளத்தாக்குகளின் உழவர்கள். அங்கே ஓர் உழவர் குடும்பத்துக்கு ஒரே வீடு இருப்பதில்லை. குடியிருக்க ஒன்று, கால்நடைக்கு ஒன்று, தானியத்துக்கு ஒன்று, கோடையில் மலைமேல் மேய்ச்சலுக்குச் செல்லும்போது தங்க ஒன்று என எல்லாம் மரத்தாலேயே கட்டப்பட்டன. பைன் மரத் தடிகளை மூலைகளில் வெட்டிப் பொருத்தி அடுக்குவார்கள். தானியக் களஞ்சியத்தைக் கல் அல்லது மரக் கால்களின்மேல் உயர்த்தி, எலி ஏறாதவாறு அமைப்பார்கள்.

மரம் மழையிலும் பனியிலும் எப்படி நின்றது? லேர்டால் பள்ளத்தாக்கிலுள்ள போர்குண்ட் மாதா கோவில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரத்தால் கட்டப்பட்டது, இன்றும் நிற்கிறது. அதற்கு முந்திய கோவில்களில் தூண்களை மண்ணில் புதைத்தார்கள். அவை அடி மக்கி வீழ்ந்தன. பின்னர் கல்லடுக்கின்மேல் விட்டம் கிடத்தி, அதன்மேல் தூணை நிறுத்தினார்கள். காலந்தோறும் மரத்தாரையும் பூசி வந்தார்கள். மரம் ஈரத்திலிருந்து விலகி நின்றது; கட்டடமும் நிலைத்தது.

கூப்ரன்ட்ஸ்டால் என்னும் பள்ளத்தாக்கில் பழைய வீடுகள் அழிந்து வருவதைக் கண்ட ஆன்டர்ஸ் சாண்ட்விக் என்ற பல் வைத்தியர், 1887 முதல் அவற்றைச் சேகரிக்கத் தொடங்கினார். 1904இல் அவ்வீடுகள் லில்லஹாமர் நகரில் மைஹாவ்கன் என்னுமிடத்தில் திறந்தவெளிக் காட்சிச்சாலையாக அமைந்தன. ஒவ்வொரு தடிக்கும் அடையாளமிட்டுப் பிரித்தால், அதே வரிசையில் மீண்டும் அடுக்கிவிடலாம். மர வீட்டின் சிறப்பு இது.

முட்டுக்காட்டில் ஒரு காட்சி

இதற்காக நார்வே வரை போக வேண்டுவதில்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ராவுக்கு நம் அங்கத்தினர்கள் ஒரே நாளில் சென்று திரும்பலாம். 1984இல் நிறுவப்பெற்ற மதராஸ் கிராப்ட் பவுண்டேஷன், டெபோரா தியாகராஜன் அவர்களின் முயற்சியால் 1996 டிசம்பரில் இதனைத் திறந்தது. உடையவர்கள் இடிக்கக் கொடுத்த பழைய வீடுகளை வாங்கி, பிரித்து, கொணர்ந்து, அந்தந்த ஊர்த் தச்சரையும் கொத்தரையும் கொண்டே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, தஞ்சை உழவர் வீடு, கேரளத்தின் புதுப்பள்ளியில் 1850இல் கட்டப்பட்ட மர வீடு ஆகியவற்றோடு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடும் அங்கே உள்ளது. அரண்மனைக்குக் கிடைக்கும் மதிப்பு தறி வீட்டுக்கும் கிடைத்திருப்பதை நம்மவர் நேரில் காணவேண்டும்.

வீடே ஒரு கருவி

நெசவாளர் வீடு ஏன் நீண்டு குறுகியிருக்கிறது? தறிக்கும் அதன் பாவுக்கும் நீளம் வேண்டும். தறிக்குழிக்கு மண்தரை வேண்டும். தரையோடு ஒட்டியிருப்பதால் பாவிழை அதிகம் காய்ந்து அறுவதில்லை என்பது நெசவாளர் அனுபவம். ஓட்டிடுக்கின் வழியே வெப்பக்காற்று வெளியேறுகிறது. அகன்ற தெருவில் காலை வேளையில் பாவை விரித்துப் பதப்படுத்துகிறார்கள். உழவர் வீட்டிலோ முற்றம் தானியம் உலர்த்தும் களம். திண்ணை வழிப்போக்கர்க்கும் கூலியாட்களுக்கும் நிழல்.

ஆகவே, நீளத்தைக் கருதாமல் பழைய வீட்டை இடித்துச் சிறு அறைகளாகத் தடுத்து, தரைக்குக் கல் பதித்துவிட்ட பிறகு, மகன் தறியில் அமர விரும்பினாலும் தறிக்கு இடமில்லை. வீட்டோடு தொழிலும் வெளியேறுகிறது. ஒப்பந்தக்காரர் தந்த தொகையில் இந்த நஷ்டம் சேர்க்கப்படவில்லை.

செய்யத்தக்கவை

காக்கக்கூடிய வீட்டைக் காப்பது பெருஞ்செலவன்று. ஆண்டுதோறும் மழைக்கு முன் ஓட்டைப் பிரித்து அடுக்குக. தூணின் அடிக்கல்லை மண் மூடவிடாதீர். சுவரோரம் நீர் தேங்காமல் வடிகால் அமைக்குக. கரையான் மண்வழி தென்பட்டால் அன்றே தட்டி, வந்த வழியை அடைத்து, மருந்திடுக.

இடிப்பதே முடிவானால், முதலில் வீட்டை அளந்து வரைபடமும் புகைப்படமும் எடுத்து வைக்குக. தூண், கதவு ஒவ்வொன்றையும் இரண்டு தச்சரிடம் தனித்தனியே மதிப்பிட்ட பின்னரே விலை பேசுக. புதிய வீட்டில் அவற்றைப் பயன்படுத்த இயலுமா என்றும் கேட்டறிக. தறியுள்ள அங்கத்தினர், புதிய வீட்டின் தரைத்தளத்தில் ஒரு நீண்ட கூடத்தையேனும் தறிக்கென ஒதுக்குக.

நார்வே கிராமங்களில் பொதுவேலைக்கு ஊரார் கூலியின்றிக் கூடுவதை டுக்னாட் என்பர். அது நமக்கும் புதிதன்று; ஏரி மராமத்துக்குக் குடிமராமத்து என்று ஒன்றுகூடிய மக்கள் நாம். சங்கம் தோறும் ஒரு குறிப்பேடு திறந்து, தம் ஊரில் எஞ்சியுள்ள பழைய வீடுகளைப் பதிவு செய்தால், வேலை பாதி முடிந்ததாகும். துணைவிதிகளுக்கு உட்பட்டு, அடுத்த பொதுக்குழுவில் இதனை ஒரு பொருளாக வைக்கலாம். நல்ல விலைக்கு நெய்வதும் விளைவிப்பதும் மட்டுமன்றி, அவ்வேலை நடைபெற்ற கூரையை அறிந்து போற்றுவதும் அங்கத்தினர் கடமையே.