நூறு கோழியின் கோடைக் கணக்கு

சீகிரியாப் பக்கம் ஏப்ரல் மத்தியானத்தில் ஒரு தகரக் கூரைக் கொட்டிலுக்குள் போய், கோழியின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். செட்டையை உடம்போடு ஒட்டாமல் அகற்றி, அலகைத் திறந்து, தொண்டை படபடக்க மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். முன்னால் தொட்டி நிறையத் தீன் இருக்கும். ஏறெடுத்தும் பார்க்காது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடல் வெப்பமே ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ். அதற்கு இதமான சூழல் 18 முதல் 24 பாகை வரைதான். 32ஐத் தாண்டினால் ஒவ்வொரு பாகையும் வயிற்றைச் சுருக்கும். தின்ற தீன் செரிக்கும்போது உடம்புக்குள் சூடு பிறக்கிறது என்பதால், தின்னாமல் இருப்பதுதான் அதற்குத் தெரிந்த வைத்தியம்.

நூறு முட்டைக் கோழியை வைத்துக் கணக்குப் பார்ப்போம். தீன் கிலோ 150 ரூபா, முட்டை 40 ரூபா என்று வைக்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் ஒரு கோழி 110 கிராம் தின்னும். நூறுக்கு 11 கிலோ. வெயிலில் அது 95 கிராமுக்கு இறங்கினால் 9.5 கிலோ. ஒன்றரைக் கிலோ குறைவு, 225 ரூபா. இதை மிச்சம் என்று எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் எழுத வேண்டும். 85 முட்டை இட்ட இடத்தில் 78, உடைசல் 2 இருந்த இடத்தில் 5 என்று கொண்டால், விற்கக்கூடியது 83இலிருந்து 73க்கு வந்துவிடும். பத்து முட்டை, 400 ரூபா. தீனில் மிஞ்சிய 225ஐக் கழித்தாலும் நாளுக்கு 175 ரூபா நட்டம். முப்பது நாளில் 5,250 ரூபா. ஒரு கோழிகூடச் சாகாமலே இவ்வளவும் போகிறது.

உடைசல் ஏன் கூடுகிறது? 3.8 சதவீதம் கல்சியம் உள்ள தீனில் 110 கிராம் தின்றால் 4.2 கிராம் கல்சியம் உள்ளே போகும். 95 கிராமில் 3.6தான். அதிலும் ஏறத்தாழப் பாதிதான் உடம்பில் சேரும், அதாவது 1.8 கிராம். ஓட்டுக்கு மட்டும் 2 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். போதாக்குறைக்கு, மூச்சு வாங்க வாங்க இரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியேறி, ஓடு கட்டத் தேவையான காபனேற்றும் குறைகிறது. பெருவிரலால் அழுத்தினாலே நொறுங்கும் முட்டை அப்படித்தான் வருகிறது.

செலவில்லாத முதல் மாற்றம் தீன் போடும் நேரம். தின்று நாலு முதல் ஆறு மணித்தியாலத்தில் செரிக்கும் சூடு உச்சத்துக்கு வரும். காலை எட்டு மணிக்குப் போட்ட தீன், நண்பகலுக்கும் இரண்டு மணிக்கும் இடையில், வெளியே வெயில் கொளுத்தும்போதே உள்ளேயும் எரிகிறது. அதிகாலை ஐந்து மணிக்கு 4 கிலோ போட்டு, ஒன்பதரைக்குத் தொட்டியை எடுத்துவிட்டு, மாலை நாலரைக்கு 7 கிலோ போடுங்கள். சிப்பியை மாவாக்காமல் பருமனாக நொறுக்கி மாலைத் தீனோடு கலப்பது முக்கியம். ஓட்டின் பெரும்பகுதி இரவில்தான் கட்டப்படுகிறது. பருமனான துண்டு இரைப்பையில் தங்கி விடியும்வரை கரைந்துகொண்டிருக்கும்.

தீனைச் சொந்தமாகக் கலப்பவர்கள் 100 கிலோவில் 2 கிலோ சோளத்தை எடுத்துவிட்டு 2 கிலோ எண்ணெய் சேர்க்கலாம். ஒரு கிலோ தீனுக்குச் சுமார் 109 கிலோகலோரி கூடும், செரிக்கும் சூடும் குறைவு. வெயிலில் எண்ணெய் சிக்கடிக்கும் என்பதால் ஒரு கிழமைக்கு மேல் கலந்து வைக்கக் கூடாது. அப்பச்சோடா கிலோவுக்கு 3 கிராம், 9.5 கிலோவுக்கு 28 கிராம் போதும். அதற்கேற்ப உப்பைக் குறைக்க வேண்டும். விற்றமின் சி கிலோவுக்கு 250 மில்லிகிராம்.

இத்தனையையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது தண்ணீர். சாதாரண நாளில் தீனின் இரண்டு மடங்கு, நூறு கோழிக்கு 22 லீற்றர். கடும் வெயிலில் நாலு மடங்கு, 40 லீற்றருக்குப் பக்கம். ஒரு மில்லிலீற்றர் ஆவியாகும்போது 0.58 கிலோகலோரி சூட்டை எடுத்துப் போகும். ஒரு கோழியின் மூச்சோடு 100 மில்லிலீற்றர் ஆவியானால் 58 கிலோகலோரி; அன்று அது தின்ற தீனிலுள்ள சுமார் 260இல் ஐந்திலொன்றுக்கும் மேல். ஆனால் வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாயைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அந்தத் தண்ணீரைக் கோழி குடிக்காது. தாங்கிக்கு மேலே கிடுகு போட்டு, குழாயை ஓரடி ஆழத்தில் புதைத்து, நண்பகலில் ஒரு தடவை பழைய தண்ணீரைத் திறந்து விடுங்கள். உலர் வலயத்துக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. நிப்பிளில் சுண்ணாம்பு படியும். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்டைவிட ஏப்ரலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஆகஸ்டில் வறண்ட கச்சான் காற்று வீசும், மூச்சின் ஈரத்தை எடுத்துப் போகும். ஏப்ரலில் காற்று அசையாது. மாலை இடிமழைக்கு முன் ஈரம் கனத்துக் கிடக்கும், எவ்வளவு மூச்சு வாங்கினாலும் சூடு இறங்காது.

விடியற்காலைத் தீனுக்கும் மாலைத் தீனுக்கும் வெளிச்சம் வேண்டும். 9 வோட் மின்குமிழ் மூன்றை அதிகாலை நாலு முதல் ஆறு வரையும் மாலை ஆறு முதல் எட்டு வரையும் எரித்தால் நாளுக்கு 108 வோட்-மணி. மாதத்துக்கு மூன்றேகால் அலகு மின்சாரம்.