ஒரு மாதம், தினம் ஒரு கோலம்

மார்கழியில் கோலாலம்பூரில் சூரியன் உதிக்கும்போது மணி ஏழைத் தாண்டியிருக்கும். சென்னையில் ஏறத்தாழ ஆறரை மணிக்கே உதித்துவிடும் சூரியன் இங்கே தாமதிப்பதற்குக் காரணம் நம் கடிகாரம். மலேசிய நேரம் கிழக்கே 120 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி வைக்கப்பட்டது. கோலாலம்பூர் இருப்பதோ 101.7 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், இடைப்பட்ட 18 பாகைக்கு ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக வித்தியாசம் வருகிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியதிலிருந்து இதுதான் நிலை. அதனால் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ காலை ஆறு மணிக்கு வாசல் தெளித்துக் கோலமாவை எடுக்கும் பெண், விளக்கு வெளிச்சத்தில்தான் புள்ளி வைக்கிறார். வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பும் பரபரப்புக்குள் கோலத்தை முடித்தாக வேண்டும். நாளை வேறொரு கோலம், மறுநாள் இன்னொன்று. தை பிறக்கும்வரை இப்படியே.

தினம் ஒரு சிறு படைப்பு, அதையே ஒரு மாதம் விடாமல் செய்வது என்பது இன்று உலகெங்கும் பலர் எடுத்துக்கொள்ளும் உறுதி. 1999இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர், ஒரே மாதத்தில் ஆளுக்கு 50,000 சொற்களில் நாவல் எழுத முயன்றார்கள். அது ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் பெரிய இயக்கமாக வளர்ந்தது. 2009இல் அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர், அக்டோபர் முழுவதும் தினம் ஒரு மை ஓவியம் என்று தொடங்கினார். நம் பெண்களோ தலைமுறை தலைமுறையாக இதை வாசலிலேயே செய்து வந்திருக்கிறார்கள். பக்தியும் மங்கலமும் அதன் வேர்கள். ஆனால் மார்கழிக் கோலத்தின் ஒழுங்கை அறிவியல் கண்ணோடு பார்த்தால், படைப்புத்திறனை வளர்க்கும் மிகத் தேர்ந்த பயிற்சிமுறை ஒன்று அதற்குள் இருப்பது தெரியும்.

குறுகிய மாதம்

முதலில் அதன் கால அளவு. தமிழ் மாதங்கள் சூரிய மாதங்கள். சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலமே ஒரு மாதம். உண்மையில் நகர்வது பூமிதான், அது ஒரே வேகத்தில் நகர்வதுமில்லை. பூமியின் பாதை நீள்வட்டம். ஜனவரி முதல் வாரத்தில் அது சூரியனுக்கு மிக அருகில் வருகிறது, அப்போது அதன் வேகமும் உச்சத்தில் இருக்கும். அதனால்தான் மார்கழி பன்னிரண்டு மாதங்களிலும் குறுகியதாக 29 அல்லது 30 நாளில் முடிந்துவிடுகிறது. சூரியனிலிருந்து பூமி விலகியிருக்கும் காலத்தில் வரும் ஆனி 32 நாள் வரைகூட நீளும். தெளிவான தொடக்கமும் கண்ணுக்குத் தெரியும் முடிவும் இந்த மாதத்துக்கு உண்டு. 'இனி வாழ்நாள் முழுவதும் தினமும் வரைவேன்' என்ற உறுதி பயமுறுத்தும். 'தை முதல் நாள் வரை' என்ற உறுதியை எவரும் ஏற்கலாம்.

வாசல் தரும் நினைவூட்டல்

ஒரு செயல் எப்போது பழக்கமாகிறது? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து பார்த்தது. 96 பேர் ஆளுக்கொரு புதிய செயலைத் தேர்ந்தெடுத்து, அன்றாடம் ஒரு குறிப்பிட்ட தருணத்தோடு அதை இணைத்து, 12 வாரம் செய்தார்கள். யோசிக்காமலே கை அந்த வேலைக்குப் போகும் நிலை வருவதற்கு நடுவான கணக்கில் 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள் போதும் என்றும், சிலருக்கு 254 நாள் ஆகும் என்றும் கணக்கு காட்டியது.

அப்படியானால் முப்பது நாள் போதாதே என்று தோன்றலாம். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது. பழக்கத்தின் பிடி தொடக்க வாரங்களில்தான் வேகமாக ஏறுகிறது. போகப் போக ஏற்றம் மெதுவாகி ஓரிடத்தில் நிலைத்துவிடுகிறது. மிகவும் செங்குத்தான அந்தத் தொடக்கத்தை ஒரு மாதம் நம்மைத் தாண்ட வைத்துவிடும். இடையில் ஒரு நாள் தவறினாலும் அந்த ஏற்றம் பெரிதாகக் குலைவதில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். ஒரு நாள் விட்டுப்போனதும் மொத்தத்தையும் கைவிடுகிறவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஆய்வில் பங்கேற்றவர்கள் தேடிப்பிடித்து இணைத்த, காலை உணவு போன்ற ஒரு தருணத்தை மார்கழிக் கோலம் இயல்பாகவே கொண்டிருக்கிறது. எழுந்து கதவைத் திறந்தால் வாசல். பெருக்கி நீர் தெளித்தால் அடுத்தது கோலம். 'எப்போது செய்யலாம், எங்கே செய்யலாம்' என்று தினமும் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை. மிச்சமாகும் யோசனை முழுவதும் 'இன்று என்ன கோலம்' என்பதற்குப் போகிறது.

புள்ளிக்குள் விரியும் உலகம்

இந்த மரபில் என்னை மிகவும் வியக்க வைப்பது கோலத்தின் கட்டுப்பாடுதான். வெற்றுத் தாளை நீட்டி 'எதையாவது வரை' என்றால் பலருக்குக் கை ஓடாது. மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி என்று வைத்துக்கொடுத்தால் கை தானே தேடத் தொடங்கும்.

சிக்குக் கோலத்தின் எளிய வகையை எடுத்துக்கொள்வோம். மேலும் கீழும், இடமும் வலமுமாக அடுத்தடுத்துள்ள ஒவ்வொரு புள்ளி இணைக்கும் நடுவில் இழைகள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கின்றன. ஓரத்துக்கு வந்தால் வளைந்து உள்ளே திரும்புகின்றன. எந்தப் புள்ளியும் இழை சூழாமல் விடுபடக் கூடாது. இப்படிப் போட்டால் மொத்தம் எத்தனை தனித்தனி இழைகள் வரும்? விடை பள்ளிக் கணிதத்திலேயே இருக்கிறது. வரிசைகளின் எண்ணிக்கைக்கும், வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் எது மீப்பெரு பொதுக் காரணியோ, அத்தனை இழைகள். மூன்றுக்கு ஐந்து என்றால் பொதுக் காரணி 1. கையெடுக்காமல் ஒரே இழையில் தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு இழைகள். ஐந்துக்கு ஐந்து என்றால் ஐந்து. தாளில் போட்டுப் பாருங்கள், ஒருபோதும் தவறாது.

இரண்டுக்கு இரண்டில் இரண்டு வளையங்கள் பின்னிக்கொள்ளும், அவை நான்கு இடங்களில் வெட்டும். அந்த நான்கில் ஒன்றில் மட்டும் இழைகளை வெட்டவிடாமல் ஒதுக்கி வளைத்தால், இரண்டு வளையங்களும் சேர்ந்து ஒரே இழையாகிவிடும். கோலம் போடும் கைகளுக்கு இது அனுபவத்தில் தெரிந்த உண்மை. எங்கே வெட்டுவது, எங்கே விலகுவது என்ற தேர்வில்தான் புதிய கோலம் பிறக்கிறது.

மூன்றுக்கு ஐந்தில் இப்படித் தேர்வு செய்ய 22 இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் வெட்டலாம் அல்லது விலகலாம். இரண்டை 22 முறை பெருக்கினால் 4,194,304. திருப்பினாலும் கவிழ்த்தாலும் ஒன்றுபோல் வருபவற்றைக் கழித்தாலும் பத்து லட்சத்துக்கு மேல் மிஞ்சும். தினம் ஒன்றாகப் போட்டால் 2,800 ஆண்டுகள் போதாது. வெறும் பதினைந்து புள்ளிகளுக்குள் இவ்வளவு இருக்கிறது. அத்தனையும் அழகாக அமையாது, அத்தனையும் ஒரே இழையில் முடியாது. தேறுபவற்றைக் கண்டெடுப்பதுதான் கலை.

இந்த ஒழுங்கைக் கணினி அறிவியலும் கவனித்தது. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சிறு வடிவத்தையும் அதை வளர்க்கும் விதிகளையும் கொடுத்தால், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கோலங்கள் ஒன்றைவிட ஒன்று பெரிதாக உருவாகிக்கொண்டே போகும் என்பதைக் கணித இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். சொற்கள் வாக்கியமாவதை விளக்கிய இலக்கணக் கோட்பாடு, வரிசையும் நிரலுமாக விரியும் படங்களுக்கும் நீட்டப்பட்ட காலம் அது. அந்தத் துறைக்கு வாசலில் கிடந்த கோலம் அருமையான எடுத்துக்காட்டாக அமைந்தது.

அழிவதன் பயன்

அரிசி மாவுக் கோலம் மாலை வரை தாங்குவது அரிது. எறும்பு எடுக்கும், காலடி கலைக்கும், கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல் மழை மிச்சத்தைக் கழுவும். மறுநாள் வாசல் மீண்டும் காலி. இது இழப்பாகத் தோன்றினாலும் பயிற்சிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கோணிப்போன கோலம் யாரையும் நெடுநாள் உறுத்தாது. அசத்தலாக அமைந்த கோலத்தின் நிழலிலும் நெடுநாள் தங்க முடியாது. கோல நோட்டில் எஞ்சுவது வடிவம் மட்டும். கை ஒவ்வொரு விடியலிலும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

'பத்து நாள் போட்டாயிற்று, இனிப் புதிதாக என்ன இருக்கிறது' என்ற சோர்வு எல்லோருக்கும் வரும். பிரையன் லூகாஸும் லோரன் நோர்ட்கிரனும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருத்தமானது. ஒரே அமர்வில் தொடர்ந்து யோசனைகளைச் சொல்லச் சொன்னபோது, நேரமாக ஆகத் தங்கள் புதுமை வற்றிவிடும் என்றே மக்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் அது வற்றவில்லை. அப்படியே நின்றது அல்லது கூடியது. எளிதாக வருபவை தீர்ந்த பிறகுதான் யாரும் நினைக்காதவை வருகின்றன. சில நிமிட அமர்வில் கண்டதை ஒரு மாதத்துக்கு அப்படியே நீட்டிவிட முடியாது. ஆனாலும் தெரிந்த கோலங்கள் தீர்ந்துபோகும் அந்த நாளில்தான் சொந்தக் கோலம் தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உற்சாகம் வந்தால் செய்யலாம் என்று காத்திருப்பவர்களுக்கும் ஓர் ஆய்வு உண்டு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம்லின் கானரும் சக ஆய்வாளர்களும் 658 இளைஞர்களிடம் 13 நாள் நாட்குறிப்பு வாங்கினார்கள். வழக்கத்தைவிடப் படைப்பு வேலை கூடுதலாக இருந்த நாளுக்கு மறுநாள், அவர்களின் உற்சாகமும் நிறைவும் கூடியிருந்தன. ஆனால் இன்றைய உற்சாகம் நாளைய படைப்பைக் கூட்டியதாகத் தெரியவில்லை. அந்தத் தரவின்படி வேலை முன்னே போகிறது, மனம் பின்னே வருகிறது.

நம் வாசல்கள்

தோட்டப்புற லயத்து மண்வாசலிலிருந்து தாமான் வீட்டு சிமெண்டுத் தரைக்கும், அங்கிருந்து அடுக்குமாடியின் நடைவழிக்கும் நம் கோலம் இடம்பெயர்ந்திருக்கிறது. தீபாவளிக்கு வணிக வளாகங்களில் வண்ண அரிசியால் விரியும் பெரிய கோலங்களை எல்லா இனத்தவரும் நின்று ரசிக்கிறார்கள். அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் ஆண்டுக்கொரு பெரிய கோலம் நம் கைகளுக்குக் கற்றுத்தராததைத் தினம் ஒரு சிறிய கோலம் கற்றுத்தரும். வாசலில் ஒட்டுக்கோலம் மட்டும் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. இடம் இல்லை என்பதும் தடையில்லை. மூன்றுக்கு ஐந்து புள்ளிக்கு ஒரு கதவின் அகலமே போதும். அதுவும் இல்லாதவருக்கு நோட்டும் பென்சிலும் போதும்.

வரும் மார்கழி டிசம்பர் நடுவில் பிறக்கும். அன்று தொடங்குங்கள். ஆணோ பெண்ணோ, பத்து வயதோ எழுபதோ, யாரும் தொடங்கலாம். நேரத்தையும் இடத்தையும் முன்பே முடிவு செய்யுங்கள். புள்ளிகளைக் குறைவாக வையுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். முதல் வாரம் அம்மா, அப்பாயி, அம்மாச்சி சொல்லித்தரும் கோலங்கள், பிறகு உங்கள் கோலங்கள். கோலம் வராது என்றால் தினம் ஒரு சிறு ஓவியம், நான்கு வரிக் கவிதை, ஒரு மெட்டு என்று எதுவும் ஆகலாம். வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மீப்பெரு பொதுக் காரணியைப் பாடப்புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் அதைத் தரையில் பார்த்துவிடட்டும்.